வரிசைக்கு ஆறு

ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1978இல் கொண்டுவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' காசு போட்டு ஆடும் பெட்டி. அதில் இறங்கி வரும் வேற்றுக்கிரகப் பூச்சிகள் 55. அதே ஆட்டம் 1980இல் அட்டாரி 2600 என்ற விளையாட்டு இயந்திரம் வழியாக வீட்டு டிவிக்கு வந்தபோது 36 தான் மிஞ்சின.

அந்தக் கணக்கில்தான் அழகே இருக்கிறது. இயந்திரத்தின் நினைவகம் வெறும் 128 பைட். முழுத் திரையைச் சேமித்து வைக்க இடமேது? டிவியின் கதிர் கோடு கோடாக இறங்க இறங்க, அடுத்த கோட்டில் என்ன வரும் என்று நிரல் அவ்வப்போதே சொல்லியாக வேண்டும். சிப் தரும் பெரிய உருவங்கள் இரண்டே இரண்டு. ஆனால் ஒவ்வொன்றையும் பக்கம் பக்கமாக மூன்றாகக் காட்டலாம். வரிசைக்கு மூவிரண்டு ஆறு. அப்படி ஆறு வரிசை. ஆறாறு முப்பத்தாறு!

இந்த அட்டாரி நிரலை எழுதியவர் ரிக் மௌரர். இருப்பதைச் சுருக்கிய கையோடு 112 வகை ஆட்டங்களையும் திணித்துவிட்டார்: நகரும் கேடயம், கண்ணுக்கே தெரியாத எதிரி (இது கொஞ்சம் கொடுமைதான்), இருவர் சேர்ந்து ஆடுவது. எல்லாம் 4 கிலோபைட்டுக்குள். பூச்சிகள் குறையக் குறைய நடை வேகமெடுக்கும். கடைசியாக மிஞ்சிய ஒன்று ஓடுகிற ஓட்டத்தில், ஜாய்ஸ்டிக்கைப் பிடித்த கை வியர்த்துவிடும்.