கடன் போகும் நோட்டு

விரிவுரையாளர் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் பேசுகிறார். கை இருபது, முப்பது சொல்தான் எழுதும். மிச்சத்தை ஈடுகட்டத்தான் பாடக்குறிப்பில் சொற்கள் குறுகுகின்றன. 'ஆகவே' மூன்று புள்ளியாகும். 'யூ' என்ற ஆங்கிலச் சொல் ஒற்றை எழுத்தாகும். 'ஃபார்' 4 என்ற எண்ணாகும். பின்னிரண்டும் செல்போனிலிருந்து நோட்டுக்கு வந்தவை.

செல்போனில் சுருக்கம் பிறந்ததற்குக் காரணம் இடமும் காசும். ஒரு எஸ்.எம்.எஸ். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும். தமிழில் 70 இடம்தான். புள்ளிக்கும் துணைக்குறிக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்பதால் ஐந்தெழுத்து 'வணக்கம்' ஏழு இடத்தைத் தின்றுவிடும். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் பழக்கம் வலுத்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

சுருக்கி எழுதுவது தமிழுக்குப் புதிதல்ல. ௳ நாள், ௴ மாதம், ௵ ஆண்டு, ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி என்று கணக்கேடுகளில் ஒற்றைக் குறிகள் ஓடின. ஓலையில் புள்ளியே பெரும்பாலும் இட்டதில்லை. படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சுருக்குவது ஆணின் பழக்கமா பெண்ணின் பழக்கமா என்றால், கணக்கேட்டுக் குறிகள் கணக்குப்பிள்ளைகளின், அதாவது ஆண்களின் குறிகள். ஆங்கிலேயரான பிட்மன் 1837-இல் வெளியிட்ட சுருக்கெழுத்து, தட்டச்சுப் பயிலகங்கள் வழியே ஊரூராகப் பரவியபோது பெஞ்சுகளை நிரப்பியவர்களில் பெண்கள் ஏராளம். சுருக்கத்துக்குப் பாலினம் இருந்தால் அது தொழிலைப் பார்த்து மாறுகிறது.

சுருக்கம் மொழியைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்தைச் செல்போன் மொழி ஆய்வுகள் குறைக்கின்றன. மொழியியலாளர் கிறிஸ்பின் தர்லோ 2003-இல் வெளியான ஆய்வில் கார்டிஃப் பல்கலைக்கழக மாணவர்களின் 544 செய்திகளை ஆராய்ந்தார். ஒரு செய்திக்குச் சராசரியாக மூன்று சுருக்கமே இருந்தது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் உடனடிச் செய்திகளை ஆராய்ந்த நவோமி பாரன், மாணவிகளின் எழுத்து எழுத்துநடைக்கு நெருக்கமாகவும் மாணவர்களுடையது பேச்சுக்கு நெருக்கமாகவும் இருப்பதைக் கண்டார். விரிவுரைக் குறிப்பு ஆய்வுகளில் மாணவிகள் கூடுதல் செய்தியைப் பதிவுசெய்வது தெரிகிறது.

தமிழில் வெட்டுவதற்கு ஒரு தடை உண்டு. 'பொருளாதாரம்' என்பதை 'பொரு.' ஆக்கலாம், 'பொருளாதாரத்தினால்' வந்தால் 'பொரு.னால்' என்று வாலை விடாமல் எழுத வேண்டும். வேற்றுமை வாலில்தானே இருக்கிறது. அதனால்தான் தமிழ்வழிக் குறிப்பில் எ.கா., கி.மு. போன்றவை நிலைக்கின்றன, செல்போன் சுருக்கம் ஆங்கிலச் சொல்லை மட்டும் பிடித்துத் தொங்குகிறது.

யார் படிக்கப்போகிறார்கள் என்பதும் சுருக்கத்தைத் தீர்மானிக்கிறது. நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையின் செம்மேடு, சோளக்காடு பக்கத்துப் பிள்ளைகள் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல், இராசிபுரம் கல்லூரிகளுக்கு வருகிறார்கள். மழையில் பஸ் தாமதமானால் முதல் பாடம் போகும். தோழியின் நோட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகும். மாணவியரின் குறிப்பில் சுருக்கம் குறைந்தால் அதை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது சோம்பலான விளக்கம். கடன் போகும் நோட்டில் சொந்தக் குறி செல்லாது; முழுச் சொல் வேண்டும். தனக்கு மட்டும் எழுதுகிற பையனின் பக்கத்தை இரண்டு வாரம் கழித்து அவனாலேயே படிக்க முடிவதில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில், 2021-இல், மலையடிவாரச் சிற்றூர்ப் பிள்ளைகள் சிக்னலுக்காக ஆலமரம் ஏறி இணைய வகுப்பு கேட்டார்கள். கிளையில் உட்கார்ந்து ஒரு கையில் போனைப் பிடித்திருந்தால் நோட்டைப் பிடிக்கவும் எழுதவும் ஒரு கைதான் மிஞ்சும். இப்போது நோட்டுப் பக்கமே படமெடுக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுவில் ஏறுகிறது. வகுப்பு முழுக்கப் படிக்கும் என்று தெரிந்தால் பையன்களும் 'ஆகவே'யை முழுதாக எழுதுகிறார்கள்.