கூட்டிய மருந்தைக் குறைப்பது யார்?

மனச்சிதைவு நோய்க்குத் தரும் மருந்துகள் மூளையைச் சுருக்குமா என்று யாராவது கேட்டுவிட்டால், உளநல விழிப்புணர்வுக் கூட்டங்களில் பதில் தயாராக இருக்கிறது: சுருக்குவது நோய், மருந்து மூளையைக் காக்கிறது. பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள். அந்த எண்ணத்துக்காக, பாதிப் பதிலை முழுப் பதிலாக ஏற்க முடியாது.

பாதி உண்மை இருக்கிறது. 1990களில் உளமருத்துவர்களான ஸ்கொட்லாந்தின் மெக்ரீடியும் சென்னையின் தாரா, பத்மாவதி ஆகியோரும் மருந்தே தொடாத தமிழ்நாட்டு நோயாளரை ஆராய்ந்தார்கள். மருந்தின் தலையில் நாம் கட்டும் வாய்க் கோணலும் கை அசைவும் அவர்களில் சிலருக்கு முன்பே இருந்தன. மருந்தை விட்டவருக்கு நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்பதிலும் சந்தேகமில்லை. பின்லாந்தின் பதிவேடுகளில் மருந்து எடுப்பவரே எடுக்காதவரைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார். இவ்வளவும் சரி.

ஆனால் குரங்குக்கு மனச்சிதைவு கிடையாதே! 2005இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் நோயற்ற மக்காக் குரங்குகளுக்கு ஹாலோபெரிடோல் என்ற பழைய மருந்தையோ ஒலான்சபின் என்ற புதிய மருந்தையோ 17 முதல் 27 மாதங்கள் கொடுத்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு மனித நோயாளருக்கு இருப்பதை ஒத்திருந்தது. மூளையின் எடையும் பருமனும் 8 முதல் 11 சதவீதம் குறைந்தன. பழைய மருந்து, புதிய மருந்து என்ற வேறுபாடும் அங்கே எடுபடவில்லை. நரம்புக் கலங்கள் செத்துவிட்டன என்று இதற்குப் பொருளில்லை. பிற்பாடு எண்ணிப் பார்த்தபோது தெளிவாகக் குறைந்திருந்தவை அவற்றைத் தாங்கும் துணைக் கலங்களே.

மனிதரில்? 2011இல் அயோவாவில் நான்சி ஆண்ட்ரியாசன் குழுவினர் 211 நோயாளரைச் சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஸ்கேன் செய்து வெளியிட்ட முடிவில், மருந்தின் அளவு கூடியவர்களிடம் மூளைத் திசுவின் இழப்பும் கூடியிருந்தது. நோயின் கடுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. கடும் நோயாளிக்குத்தானே கூடுதல் மருந்து கொடுப்பார்கள் என்ற மறுப்பு அப்போதும் மிஞ்சியது. அதற்கு ஓரளவு விடை 2020இல் கிடைத்தது. மனப்பிரமையோடு கூடிய மனச்சோர்விலிருந்து தேறியவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஒலான்சபினும் மறுபகுதியினருக்கு வெற்றுக் குளிசையும் 36 வாரங்கள் கொடுத்தார்கள். ஒலான்சபின் எடுத்தவர்களின் மூளைப் புறணி மெலிந்தது. வெற்றுக் குளிசை எடுத்து, நோய் திரும்பியவர்களுக்கும் மெலிந்தது. மனச்சிதைவு நோயாளரிடம் செய்த சோதனை அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் நோய், மருந்து இரண்டையும் கூண்டில் ஏற்ற இது போதும்.

இங்கிருந்துதான் என் முறைப்பாடு தொடங்குகிறது. மருந்து கெடுதி செய்யும் என்றால், எவ்வளவு மருந்து என்பதே முதல் கேள்வி. மியூனிக்கின் ஸ்டீபன் லொய்ஹ்ட் 2021இல் தொகுத்த கணக்கின்படி, நோய் திரும்பாமல் தடுப்பதில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் ரிஸ்பெரிடோனுக்குச் சமமான அளவைத் தாண்டினால் பயன் பெரிதாகக் கூடுவதில்லை, பக்கவிளைவு கூடுகிறது. நம் கிளினிக்குகளில் அளவு எப்படி முடிவாகிறது? ஆவேசத்தோடு வார்டில் கிடந்த நாளில் எழுதிய அளவு, கிளினிக் கொப்பியில் மாதாமாதம் அப்படியே பெயர்த்து எழுதப்படுகிறது. கூட்டுவதற்கு ஒரு சண்டை போதும். குறைப்பதற்குக் காரணம் சொல்ல ஆளில்லை.

இலங்கையின் லுணுகலை, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் இதன் விலை கொழுந்து மடுவத்தின் தராசிலேயே தெரியும். மருந்து கை காலை மந்தமாக்குகிறது, பறிக்கும் கொழுந்தின் நிறை குறைகிறது, முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) அரைப்பேராகிறது. இந்த மந்தம் மூளைச் சுருக்கத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் கூட்டுவது ஒரே அளவுதான் என்கிறேன். தமிழில் மட்டும் பேசத் தெரிந்த தாய், நெரிசலில் இரண்டு நிமிடத்துக்குள், சிங்களத்தில் கேட்கும் மருத்துவரிடம் “மகள் முன்னைப்போல இல்லை” என்பதை எப்படிச் சொல்வாள்? நல்லா இருக்கிறாள் என்று தலையாட்டிவிட்டு வருகிறாள். அந்தத் தலையாட்டலை நம் உளமருத்துவம் நோய் கட்டுப்பாட்டில் இருப்பதாக எழுதிக்கொள்கிறது.

2023இல் இங்கிலாந்தில் வெளியான ராடார் ஆய்வை என் முகத்தில் வீசுவார்கள். படிப்படியாக மருந்தைக் குறைத்தவர்களில் 25 சதவீதத்தினருக்கு நோய் கடுமையாகத் திரும்பியது. குறைக்காதவர்களில் 13 சதவீதம். சமூக வாழ்விலும் முன்னேற்றம் இல்லை. வீசட்டும். அது, முடிந்தால் முற்றாக நிறுத்தும் நோக்கில் குறைத்துப் பார்த்த ஆய்வு. தேவைக்கு மிஞ்சிய அளவைத் தேவையான அளவுக்கு இறக்க வேண்டாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. மருந்துக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் அந்த வேறுபாட்டை வசதியாக விழுங்கிவிடுகிறார்கள்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், பாதியாக உடைத்தும் கொடுக்காதீர்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், இந்த அளவு எப்போது முடிவானது, இன்னும் இவ்வளவு வேண்டுமா என்று கேளுங்கள். பதிலையும் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.