கேம்பர் பிளேட்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

மாருதி ஸ்விஃப்டைத் தாழ்த்தி, காயில்ஓவர் போட்டு, அகலமான டயர் மாட்டுகிறவர்கள் அடுத்து விசாரிப்பது பெரும்பாலும் கேம்பர் பிளேட்டைத்தான். முன்பக்க ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணின்) தலையைக் காரின் உடலோடு பிணைத்திருக்கும் ரப்பர் மவுண்டைக் கழற்றிவிட்டு, நீள்துளைகள் வெட்டிய உலோகத் தகடு ஒன்றை அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். அதன் போல்ட்டுகளைத் தளர்த்தினால் ஸ்ட்ரட்டின் தலையை உள்ளே நகர்த்தலாம். சக்கரத்தின் மேல்பகுதியும் கூடவே உள்ளே சாயும். இந்தச் சாய்வுதான் நெகட்டிவ் கேம்பர்.

இதற்கு நியாயமான காரணம் உண்டு. 1950-இல் பிரிட்டனில் வந்த ஃபோர்டு கான்சல் காலத்திலிருந்து மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் சின்னக் கார்களின் சொத்தாகிவிட்டது. இடம் குறைவு, செலவும் குறைவு. ஆனால் வளைவில் வண்டி சாயும்போது வெளிச்சக்கரமும் அதோடு சேர்ந்து வெளியே சாய்கிறது. டபுள் விஷ்போன் அமைப்பில் மேல், கீழ்க் கைகளின் நீள வித்தியாசம் இதைப் பெருமளவு ஈடுகட்டும். ஸ்ட்ரட்டால் அவ்வளவு முடியாது. பாரமெல்லாம் டயரின் வெளி விளிம்பில் ஏறி, பிடிப்பு போகிறது. நிற்கும்போதே சக்கரத்தை 2.5 அல்லது 3 டிகிரி உள்ளே சாய்த்து வைத்தால், வளைவின் உச்சத்தில் டயர் தரையில் ஏறக்குறையத் தட்டையாகப் படியும். இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடத்தில் ஓட்டிவிட்டு வந்ததும் டயரின் உள், நடு, வெளிப் பகுதிகளின் சூட்டை அளந்தால் இது எண்ணாகவே தெரியும். கேம்பர் போதாத காரில் வெளி விளிம்புதான் அதிகம் கொதிக்கும். தடத்தில் ஓட்டுகிறவருக்குக் கேம்பர் பிளேட் ஆடம்பரம் இல்லை, தேவை.

தெருவில் ஓடும் காருக்கு வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. முதலில் போவது ரப்பர். ரப்பர் மவுண்ட் அதிர்வை விழுங்கும். பல பிளேட்டுகளில் அதற்குப் பதில் இருக்கும் உலோகக் கோளத் தாங்கி எதையும் விழுங்காது. குழியில் இறங்கினால் சத்தம் நேரே கேபினுக்குள் வரும். நம் ஊர்த் தூசியும் மழைநீரும் அதற்குள் புகுந்து சீக்கிரமே தேய்த்துவிடும். பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் ‘டக் டக்’. ஸ்பிரிங் திரும்ப வசதியாகத் தனி பேரிங் இல்லாத மலிவுப் பிளேட்டில், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஸ்பிரிங் முறுகி ‘டிங்’ என்று விடுபடும்.

இதைவிடப் பெரிய சேதம் டோவில், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் நேர்திசையிலிருந்து உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தில், நடக்கிறது. ஸ்ட்ரட்டின் தலை நகர்ந்தால், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் சாய்கிறது. அதை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடோ அதே நீளத்தில் இருக்கிறது. எனவே கேம்பரைத் தொட்டால் டோவும் நகரும். சக்கரம் ஓடும் திசையிலிருந்து ஒரு டிகிரி விலகி நின்றால், கணக்குப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டரில் அது 170 கிலோமீட்டருக்கு மேல். ‘கேம்பர் பிளேட் போட்டேன், டயர் போச்சு’ என்று புலம்புகிறவர்களின் டயரை உள்ளங்கையால் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பப் பல் போல உறுத்தல் என்றால் குற்றவாளி டோதான். உள் விளிம்பு மட்டும் சீராக மழுங்கியிருந்தால்தான் கேம்பரைச் சொல்லலாம். 1.5 டிகிரி கேம்பர் மட்டும் ஒரு நல்ல டயரை அவ்வளவு வேகமாகத் தின்றுவிடாது.

பிளேட்டில் செதுக்கிய கோடுகளை இரண்டு பக்கமும் ஒன்றுபோல வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது பரவலான பிழை. அந்தக் கோடுகள் டிகிரி அல்ல. இரண்டு பக்கமும் உடல் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதும் இல்லை. அலைன்மென்ட் கடையிலும் கவனம் வேண்டும். அங்குள்ள கணினி காட்டும் பச்சை நிறம் கம்பெனி அளவுக்கானது, நீங்கள் மாற்றிய வண்டிக்கானது அல்ல. உங்களுக்கு வேண்டிய எண்களை எழுதிக்கொண்டு போங்கள். முதலில் காற்றழுத்தம், உயரம், பிறகு கேம்பர், கடைசியில் டோ. இந்த வரிசை மாறினால் கொடுத்த காசு வீண்.

பலரும் யோசிக்காதது பின்பக்கம். ஸ்விஃப்டின் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், அதாவது இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை உத்தரம். அங்கே கேம்பரையோ டோவையோ திருப்பி வைக்கக் கம்பெனி கொடுத்த வழி இல்லை. முன்பிடிப்பு மட்டும் கூடினால் காரின் சமநிலை மாறும். வேகமான வளைவில் சட்டென்று காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால் பின்பக்கம் முன்னைவிட எளிதாக வழுக்கும். அதைச் சமாளித்துப் பழக்கம் இல்லாதவருக்கு, முக்கியமாக மழையில், இது ஆபத்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நக்கிளைக் கீழிருந்து பிடித்திருக்கும் கீழ்க்கை படுக்கை நிலையை வெகுவாகத் தாண்டி மேல்நோக்கிப் போகுமளவு வண்டியை இறக்கினால், ஸ்பிரிங் அமுங்க அமுங்க நெகட்டிவ் கேம்பர் குறையும். அதைச் சரிக்கட்டத்தான் பலர் பிளேட் வாங்குகிறார்கள். அளவோடு இறக்கியிருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. அழகுக்காக ஆறேழு டிகிரி சாய்த்து ஓட்டுவதைப் பற்றி விவாதிக்க எதுவும் இல்லை: பிரேக் போடும்போது தரையைத் தொடும் ரப்பரைக் குறைத்துக்கொள்வது மற்றவர் உயிரோடும் விளையாடுவது.

ஆண்டில் சில முறையாவது தடத்துக்குப் போகிறவர் பிளேட் வாங்கட்டும். ஒவ்வொரு முறை நகர்த்தியதும் டோவை அளக்கட்டும். அலுவலகத்துக்கும் ஊருக்கும் ஓட்டுகிறவருக்கு ரப்பர் மவுண்ட் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஒரு டிகிரி கூடுதலாக வேண்டுமென்றால் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் கேம்பர் போல்ட் போதும். அதைப் போட்டாலும் டோவை அளக்காமல் சாலைக்கு வராதீர்கள்.