சித்தி கேட்ட கேள்வியும் டல்லாஸ் ஆய்வும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப, சித்தி தன்னோட போனை நீட்டி, "இது நெசமாய்யா?" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திதான். ஐம்பது வயதுக்கு மேலும் இதயத்தை இளமையாக்கலாம், விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று போட்டிருந்தது. கூடவே பூங்காவில் ஓடும் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் படம்.

சித்திக்கு 52 வயது. சிவகாசிப் பக்கம் ஒரு பயர் ஆபீஸில் 25 வருஷமாகச் சரம் பின்னுகிறார். "நெசந்தான் சித்தி, ஆனா..." என்று இழுத்தேன். அதற்குள் வாசலில் வேன் ஹாரன் அடித்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட அந்த 'ஆனா'தான் இந்தக் கட்டுரை.

செய்திக்குப் பின்னால் இருப்பது அமெரிக்காவின் டல்லாஸில் பணியாற்றும் இதய மருத்துவ ஆய்வாளர் பெஞ்சமின் லெவினும் அவருடைய குழுவும் 2018-ல் 'சர்குலேஷன்' இதழில் வெளியிட்ட ஆய்வு. வயசு ஆக ஆக, உட்கார்ந்தே இருப்பவர்களின் இதயத் தசை விறைத்துப் போகிறது. வெயிலில் ரொம்ப நாள் கிடந்த சைக்கிள் ட்யூப் மாதிரி. அப்படிப்பட்ட இதயம் நன்றாகச் சுருங்கும், ஆனால் நன்றாக விரியாது. விரியாவிட்டால் ரத்தம் சரியாக நிரம்பாது. படியேறினால் மூச்சு வாங்கும், நாளடைவில் அதுவே இதயச் செயலிழப்பில் கொண்டுபோய் விடலாம்.

45 முதல் 64 வயது வரையுள்ள, ஆரோக்கியமான, ஆனால் உடற்பயிற்சி இல்லாத ஆட்களை எடுத்து இரண்டு பிரிவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு வருஷம் வாரத்தில் நாலைந்து நாள் பயிற்சி. அதில் ஒரு நாள், நாலு நிமிஷம் மூச்சிரைக்க ஓட்டம், மூணு நிமிஷம் ஆசுவாசம், மறுபடி ஓட்டம் என்று கடுமையானது. இன்னொரு பிரிவுக்கு யோகா, சமநிலைப் பயிற்சி, கொஞ்சம் எடை தூக்குதல். முடிவில் முதல் பிரிவினரின் இதய விறைப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது. உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 18 சதவீதம் கூடியது. யோகா பிரிவினரின் இதயத்தில் அப்படி மாற்றம் இல்லை. (யோகா ரசிகர்கள் கோபப்பட வேண்டாம், இங்கே அளந்தது இந்த ஒரு விஷயத்தை மட்டும்தான்.)

நல்ல ஆய்வு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இது திடீரென்று முளைத்ததும் இல்லை. 1966-ல் அதே டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து அளந்தபோது, மூணு வாரப் படுக்கை செய்த கேட்டை முப்பது வருஷ முதுமைகூடச் செய்யவில்லை என்று தெரிந்தது. 2014-ல் 64 வயது தாண்டிய 102 பேரிடம், வாழ்நாள் முழுக்க வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி செய்தார்கள் என்று பார்த்தார் லெவின். இரண்டு மூன்று நாள் செய்தவர்களின் இதயம் உட்கார்ந்தே இருந்தவர்களின் இதயம் போலத்தான் விறைத்திருந்தது. நாலைந்து நாள் செய்தவர்களுக்கு நல்ல பலன். அதற்கு முன்பே, 65 தாண்டியவர்களுக்கு ஒரு வருஷம் பயிற்சி கொடுத்துப் பார்த்தும் விறைப்பு இளகவில்லை. அதனால்தான் அடுத்த முயற்சிக்கு நடுவயதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கேள்வியை வருஷக்கணக்கில் விடாமல் துரத்தும் இந்தப் பொறுமை நம்மூர்ச் செய்தித் துணுக்கில் வராது.

சரி, 'ஆனா'வுக்கு வருவோம்.

முதலாவது, கடைசி வரை நின்றவர்கள் 53 பேர். கடும் பயிற்சிக்குத் தாங்களாகவே முன்வந்தவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள். இதை ஆய்வாளர்களே குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அளந்ததும் விறைப்பைத்தான். மாரடைப்பு குறைந்ததா, ஆயுசு கூடியதா என்று இந்த ஆய்வு பார்க்கவில்லை. ரத்தக் குழாய் அடைப்பு வேறு கதை. 'இளமையான இதயம்' என்கிற தலைப்பில் இதெல்லாம் காணாமல் போய்விடுகிறது.

இரண்டாவது எனக்கு முக்கியமானது. லெவினின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், 65-க்கு அப்புறம் தாமதம், அதற்கு முன்னால் தொடங்கு என்று வருகிறது. விருதுநகர் மாவட்டத்தில் அந்த 45 முதல் 64 வரையான வருஷங்கள் யார் கையில் இருக்கின்றன? சித்தியின் நாளைச் சொல்கிறேன். நாலரைக்கு எழுந்து சமையல். ஏழுக்கு முன்னால் வேன். அப்புறம் சாயங்காலம் வரை தரையில் காலை மடக்கி உட்கார்ந்து விரல்களால் மட்டும் வேலை. பீஸ் ரேட் என்பதால் எழுந்து நடந்தால் அத்தனை சரம் குறையும். வீடு வந்தால் மறுபடி அடுப்பு. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது தமிழக அரசு. நல்ல திட்டம்தான். ஆனால் அந்தப் பாதையில் ஆள் நடக்கிற காலை நேரத்தில் சித்தி வேனில் இருப்பார்.

"நாள் பூரா வேலை பாக்குறவளுக்கு எதுக்குய்யா வாக்கிங்?" என்றும் கேட்டார். நம்மாளுங்க எல்லாரும் நம்புவது இது. மூன்றாவது 'ஆனா' இங்கேதான்.

உடற்பயிற்சி ஆராய்ச்சியே வேலையிலிருந்துதான் தொடங்கியது. லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்த ஜெரமி மோரிஸ், 1953-ல் தன் முடிவை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸில் படியேறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. மூன்று வருஷம் கழித்து மோரிஸே தன் முடிவைக் குடைந்தார். ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தால், டிரைவர்களின் இடுப்பு இளவயதிலேயே பெரிதாக இருந்தது. அதாவது, வேலை ஆளை மாற்றியதா, இல்லை வேறு உடம்புவாகுள்ள ஆட்கள்தான் அந்த வேலைக்குப் போனார்களா? தன் கண்டுபிடிப்பைத் தானே சந்தேகித்து அச்சில் போட்ட நேர்மைக்காகவே மோரிஸைப் படிக்கலாம்.

இந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2021-ல் சொன்னது: ஓய்வு நேர உழைப்பு இதயத்துக்கு நல்லது, வேலையிடத்துக் கடும் உழைப்பு கெடுதல். ஆனால் இந்தியா உட்பட 17 நாடுகளில் 1,30,000 பேரைப் பார்த்த 'ப்யூர்' ஆய்வு, வேலை, வீட்டுவேலை, நடந்து போவது எல்லாமே நல்லதுதான் என்று 2017-ல் சொல்லியிருந்தது. பட்டாசுப் பெட்டி சுமக்கும் லோடுமேனுக்கு இதில் எது பொருந்தும் என்று வாதிடலாம். சித்திக்கு இரண்டுமே பொருந்தாது. அவர் கடுமையாக உழைக்கிறார், ஆனால் அசைவதில்லை. மோரிஸின் கணக்கில் அவர் கண்டக்டர் இல்லை, டிரைவர். டிரைவருக்காவது பஸ் நகர்ந்தது.

'உழைக்கிறவனுக்கு வியாதி வராது' என்கிற நம் நம்பிக்கை வயல்காட்டுக் காலத்தது. தண்ணியில்லாத இந்தச் செம்மண்ணிலும் கரிசலிலும் விவசாயம் கைவிட்டபோது தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வந்து ஊரைக் காப்பாற்றின. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அலுப்பையே உடற்பயிற்சியாக எண்ணும் பழக்கம் மட்டும் மாறவில்லை. சாயங்காலம் சித்தியின் முதுகும் முழங்காலும் வலிக்கின்றன. இதயத்துக்குத் தேவையான அந்த மூச்சிரைப்பு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை.

அதனால் லெவினின் ஆய்வை 'எல்லாரும் போய் ஓடுங்கள்' என்று மொழிபெயர்ப்பதுதான் தப்பு. நான் படிக்கிற விதத்தில் அது முதலாளிக்கும் அரசுக்கும் எழுதின கடிதம். நடுவயதுக்காரருக்கு வாரத்தில் நாலு நாள், தினம் அரை மணி நேரம், சம்பளம் வெட்டாமல் தர முடியுமா? ஷெட்டுக்கு வெளியே, மருந்து இல்லாத இடத்தில் நடக்க ஒரு பாதை போட முடியுமா? இதை ஒரு ஆலையில் இரண்டு வருஷம் செய்து, முன்னும் பின்னும் அளந்தால், அது டல்லாஸ் ஆய்வுக்கு நம்மூர்ப் பதில் ஆகும்.

இதையெல்லாம் போனில் சுருக்கமாகச் சித்தியிடம் சொன்னேன். முதலில் பிரஷர் பாருங்க, அப்புறம் மெதுவா நடக்க ஆரம்பிங்க, எடுத்த எடுப்பில் ஓட வேண்டாம் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "தீவாளி முடியட்டும்யா. சீசன்ல எங்க நடக்குறது?"

அவருக்கு 65 ஆக இன்னும் பதிமூணு தீபாவளி இருக்கிறது.