மூன்று வயலின்: யார் முதல், யார் இரண்டாவது?

தல்லாகுளத்தில் எதிர்சேவை முடிந்து, அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பியதும் அடுத்த திருவிழா தொடங்கிவிடும். கோடை வகுப்புத் திருவிழா. கம்பத்துக்குக் கம்பம் கீபோர்டு, கராத்தே, அபாகஸ், பத்தே நாளில் அழகான கையெழுத்து. இந்தப் போர்டுகளுக்கு நடுவே என் அக்கா மகள் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவு. அவளுக்குப் பதினாறு வயது. வெஸ்டர்ன் வயலினில் எட்டாவது கிரேடு முடித்தாயிற்று. "மாமா, சேர்ந்து வாசிக்க எங்கயாச்சும் சொல்லித் தர்றாங்களா?"

தேடினோம். தனியாக வாசிக்கச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். சேர்ந்து வாசிக்க எதுவும் கண்ணில் படவில்லை. ஜூனில் ப்ளஸ் டூ. "இந்த லீவோட பெட்டி பரணுக்கு" என்று அக்கா சொல்லிவிட்டாள். ஆக, இருந்தது ஒரு மாதம்.

சேம்பர் மியூசிக் என்பதன் அடிப்படை எளிது. நாலைந்து பேர், ஆளுக்கொரு தனிப் பகுதி, நடத்துநர் கிடையாது. கதே ஒரு கடிதத்தில் ஸ்ட்ரிங் குவார்டெட்டை, விவரம் தெரிந்த நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொள்வதற்கு ஒப்பிட்டிருக்கிறார். என் தொழில் மொழியில் சொன்னால் மாஸ்டர் கிளாக் இல்லாத சிஸ்டம். ஒவ்வொருவரும் அடுத்தவர் மூச்சைக் கேட்டுத் தன் நேரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். இதைத் தனியாக வீட்டில் சாதகம் செய்து பழக முடியாது. அதனால்தான் அமெரிக்காவில் இதற்கென்றே கோடை முகாம்கள் முளைத்தன. வெர்மான்ட் மாநிலத்தின் மார்ல்பரோ 1951இல் தொடங்கியது. அங்கே மூத்த கலைஞர்களும் இளையவர்களும் ஒரே குழுவில் சக வாத்தியக்காரர்களாக உட்காருவார்கள். டோபி பெர்ல்மன் 1994இல் தொடங்கிய பெர்ல்மன் மியூசிக் ப்ரோக்ராம் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள தந்தி வாத்தியப் பிள்ளைகளுக்கானது. அங்கே எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்திசையில் பாடியாக வேண்டும். வயலின் கற்க வந்தவனை ஏன் பாடச் சொல்கிறார்கள் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. கேட்கப் பழக்குவதற்கு அதைவிடக் குறுக்கு வழி இல்லை என்பது பின்னால்தான் உறைத்தது.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? வயலின் நமக்கு வந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி அதைக் கற்றார். ஸ்ருதியை ச-ப-ச-ப என்று மாற்றி, தரையில் உட்கார்ந்து, தலைப்பக்கத்தைக் கணுக்காலில் ஊன்றி, முழுக்க நம்முடையதாக்கிக்கொண்டோம். ஆனால் பெரும்பாலும் அதற்குக் கொடுத்த உத்தியோகம் பக்கவாத்தியம். பாடகர் போன வழியே போகணும், நிழல் மாதிரி. அது பெரிய வித்தைதான், குறை சொல்லவில்லை. ஆனால் நிழல் எதிர்த்துப் பேசாது.

எதிர்த்துப் பேசவைத்த முயற்சிகள் உண்டு. லால்குடி ஜெயராமன் 1966இல் புல்லாங்குழலையும் வீணையையும் சேர்த்து வயலின்-வேணு-வீணை என்று ஒரு கூட்டணி அமைத்தார். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வந்தது. அதில் ஒரு துண்டின் பெயரே 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'. அந்த ஆல்பத்தில் தனி வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் 1993இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டைத் தொடங்கினார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஹைடன் காலத்து அமைப்பு, வாசிப்பதோ கீர்த்தனைகள். சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் பழுத்த கைகள். தமிழ்நாட்டில் இந்த வகைக்கு இதுதான் ஆகச் சிறந்த உதாரணம் என்பது என் கருத்து.

இருந்தும் எனக்கு ஒரு குறை உண்டு, நாலைந்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு உறுதியானது. கீர்த்தனை பெரும்பாலும் முதல் வயலினிடமே இருக்கிறது. அது கமகத்தோடு பாடுகிறது. மற்ற மூவரும் அடியில் இசைவுகளைப் பின்னுகிறார்கள். அழகான பின்னல்தான். செல்லோ கீழே இறங்கும் சில இடங்களில் ராகத்தின் முகமே வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. ஆனால் பேச்சு நடக்கிறதா? ஒருவர் பேச, மூவர் ஆமோதிக்கிறார்கள். கச்சேரி மேடையின் படிநிலை கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது.

இதற்கு நரசிம்மனைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. சிக்கல் இசையிலேயே இருக்கிறது. கமகம் என்றால் ஸ்வரம் அசையணும். ஹார்மனி என்றால் ஸ்வரம் நிற்கணும். நாலு பேரும் ஒரே சமயத்தில் அசைந்தால் குழப்பம், நாலு பேரும் நின்றால் ராகம் செத்துப்போகும். ஒருவரை அசையவிட்டு மூவரை நிறுத்துவது அவர் கண்ட நேர்மையான தீர்வு. முறை மாற்றி அசையலாமே என்பதுதான் என் கேள்வி.

நம் ஊரிலேயே அதற்கு முன்மாதிரி இருக்கிறது. மதுரை சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்கள், 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் திரைக்குப் பின்னால் நாதஸ்வரம் வாசித்தவர்கள். இரட்டை நாதஸ்வரத்தை ஊன்றிக் கேளுங்கள். ஒருவர் சங்கதி போடும்போது இன்னொருவர் ஆதார ஷட்ஜத்தில் நிற்பார், அப்புறம் இடம் மாறும், அப்புறம் ரெண்டும் ஒன்றாகப் பாயும். ஹார்மனி கிடையாது. ஆனால் உரையாடல் இருக்கிறது. படிநிலை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது.

இதை மனசில் வைத்துக்கொண்டுதான் அக்கா மகளுக்குப் பாக்கெல்பெலின் கேனனைச் சொன்னேன். கல்யாண வீடியோவில் கேட்டுச் சலித்த சமாச்சாரம்தான், ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். மூன்று வயலின், கீழே ஒரு பேஸ். மூன்று வயலினுக்கும் அட்சரம் மாறாமல் ஒரே பகுதி. இரண்டு இரண்டு பார் தள்ளி நுழைகிறார்கள், அவ்வளவுதான். இரண்டாவது வயலின் என்ற அந்தஸ்தே கிடையாது. வியோலாவுக்கு மதுரையில் எங்கே போவது என்ற கவலையும் இல்லை.

அவள் தோழி ஒருத்தி கிடைத்தாள். மூன்றாவதாக வந்தவள் பக்கத்துத் தெரு, கர்நாடகச் சங்கீதம் கற்றவள், ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாது. அவளுக்காக நான் ஸ்வரத்தில் எழுதினேன். பேஸ்: ச ப த க ம ச ம ப. முதல் வரி: க ரி ச நி த ப த நி. இரண்டாவது: ச நி த ப ம க ம ரி. "இது சங்கராபரணம்ல?" என்றாள். கீபோர்டில் பேஸை நான் தட்டினேன். எட்டே ஸ்வரம், அதிலும் தப்பு விட்டேன்.

மூன்றாவது நாள் சண்டை வந்தது. முதலில் நுழைபவள் இரண்டாவது வரியின் மத்யமத்துக்கு வரும்போது, பின்னால் வருபவள் முதல் வரியின் தைவதத்தில் இருப்பாள். ரெண்டும் சேர்ந்து ஒலிக்கிற அந்த இடம்தான் தேன். சங்கராபரணக்காரி மத்யமத்தை அசைத்தாள். பழக்கம், கை கேட்கவில்லை. "ஆட்டாத" என்றாள் இவள். "ஆட்டாம வாசிச்சா அது மத்யமமே இல்ல" என்றாள் அவள். இருவர் சொன்னதும் சரி. மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டின் மொத்தச் சிக்கலும் எங்கள் மாடி அறையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை, எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. நல்ல முகாம் என்றால் அந்த இடத்தில் ஒரு பெரியவர் வயலினோடு உட்கார்ந்திருப்பார், வாசித்தே காட்டியிருப்பார். ஏ.ஆர். ரஹ்மானின் கே.எம். கன்சர்வேட்டரி 2008 முதல் சென்னையில் இருக்கிறது, அதன் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தருகிறது. மதுரைக்கு ஒரே ஒரு மே மாதம், நாலு நல்ல வாசிப்பாளர்கள், இருபது பிள்ளைகள் போதும். இடமா இல்லை? லட்சுமி சுந்தரம் ஹால் பக்கத்திலேயே இருக்கிறது.

கடைசியில் அவர்களே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மூன்று பேரும் சேரும் இடங்களில் மத்யமம் அசையாது. முதலில் நுழைபவள் தனியாக இருக்கும் அந்த முதல் இரண்டு பாரில், யார் நுழைகிறார்களோ அவர்கள் இஷ்டம். நாளுக்கு ஒருத்தி முதலில் நுழைவது என்று முறை. அக்கா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி இன்னும் பரணுக்குப் போகவில்லை.