அவதாரத்தின் முதுகு

அவதாரம் என்ற சொல்லுக்கு இறங்கி வருதல் என்று பொருள். கடந்த நாற்பது வருஷங்களில் இந்தச் சொல்லே இறங்கி வந்திருக்கும் தூரம் கொஞ்சமல்ல. கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ஆடுகிறவன் தனக்கென்று அமைத்துக்கொள்ளும் உருவத்துக்கு இன்று உலகம் பூராவும் அவதார் என்றே பெயர். அந்த உருவத்தை வடிவமைப்பது ஒரு கைவேலையாகவும், அதைவிடப் பெரிய வியாபாரமாகவும் ஆகிவிட்டது. கவிதையும் விமர்சனமும் போடுகிற பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்பார்கள். புதுக்கவிதை வந்த நாளிலிருந்து உருவம், உருவம் என்று அடித்துக்கொண்டவர்கள் நாம். உருவம் பற்றிய பிரச்னை குழந்தைகளின் விளையாட்டில் எழுந்தால் மட்டும் அது நம் பிரச்னை இல்லை என்று எப்படிச் சொல்வது?

1985ல் ரிச்சர்ட் காரியட் என்பவர் 'அல்டிமா நான்கு' என்றொரு விளையாட்டை வெளியிட்டார். அவதாரத்தைத் தேடிச் செல்வதுதான் அதன் விஷயம். ஆட்டம் தொடங்குமுன் ஒரு நாடோடிக் குறிகாரி ஏழு கேள்விகள் கேட்பாள். ஒவ்வொன்றும் இரண்டு நல்ல குணங்களை எதிரெதிரே நிறுத்தும் தர்மசங்கடம். நேர்மையா, கருணையா? இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். எட்டு குணங்கள், எட்டு வகை மனிதர்கள். பதில்களைக் கொண்டு நீ யார் என்பது தீர்மானமாகும். மூக்கையும் முடியையும் பொறுக்கிக்கொள்ள வழி கிடையாது. மூலிகை விற்கும் குருட்டுப் பெண்ணுக்குக் குறைத்துக் காசு கொடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் ஆட்டம் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளும். எட்டு குணங்களிலும் தேறியவனே கடைசியில் அவதாரம். காரியட்டின் அவதாரம் இறங்கி வருவதில்லை, ஏறிப் போகிறது. அர்த்தத்தைத் தலைகீழாக்கிவிட்டார் என்று பண்டிதர்கள் கோபிக்கலாம். சொல்லின் கனம் அவருக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்குப் போதும்.

அடுத்த வருஷமே, 1986ல், லூகாஸ்ஃபிலிம் கம்பெனியின் 'ஹாபிடட்' வந்தது. கமோடோர் 64 என்ற சின்ன வீட்டுக் கம்ப்யூட்டரை டெலிபோன் கம்பியில் இணைத்துப் பலர் சேர்ந்து உலவிய உலகம் அது. சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் அமைத்த அந்த உலகத்தில் திரையில் நடமாடும் பொம்மைக்கே அவதார் என்று பெயர் வைத்தார்கள். அதன் தலையைக் கழற்றி வேறு தலை மாட்டிக்கொள்ளலாம். தலைகள் விற்பனைக்கு இருந்தன. அபூர்வமான தலை வைத்திருப்பவனுக்கு மதிப்பு அதிகம். குணத்தின் பெயராக இருந்த சொல் ஒரே வருஷத்தில் தலையின் பெயராகிவிட்டது. பின்னால் வந்ததெல்லாம் இந்தத் தலை வியாபாரத்தின் விஸ்தரிப்புதான்.

இவ்வளவும் சொன்னதால் நான் பழமைவாதியாகி, இன்றைய குழந்தைகளைத் திட்டப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2006ல் டேவிட் பஸூக்கியும் எரிக் காஸலும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட 'ரோப்ளாக்ஸ்' தளத்தின் ஆதி உருவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தலை, ஒரு உடம்பு, இரண்டு கை, இரண்டு கால்: மொத்தம் ஆறு கட்டைகள். முழங்கை இல்லை, விரல் இல்லை, கழுத்து இல்லை. என் அபிப்ராயத்தில், இந்தத் துறையில் உண்டானவற்றில் மிகத் தேர்ந்த உருவம் இதுதான். எதையும் விவரிக்காததால் எவரும் அதற்குள் போய் உட்கார முடிந்தது. புதிதாக வருகிறவனுக்கு மஞ்சள் தலை, மஞ்சள் கை, நீல உடம்பு, பச்சைக் கால். காசில்லாதவனுக்கு நிறம் ஒன்றுதான் கைமுதல். காலுக்குப் பூசிய பச்சையே கால்சட்டை, உடம்புக்குப் பூசிய நீலமே சட்டை. வறுமையிலிருந்து பிறந்த சிக்கனம் இது. நல்ல கவிதையிலும் இதே சிக்கனத்தைத்தான் தேடுகிறோம். 2016 வாக்கில் ஆறு கட்டைகள் பதினைந்தாயின. முழங்கையும் முழங்காலும் மடங்கின. அசைவு கூடியது. இடம் குறைந்தது.

இந்த உருவத்துக்குச் சட்டை வரைவது எப்படி என்று பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். 585 பிக்ஸெல் அகலமும் 559 பிக்ஸெல் உயரமும் உள்ள ஒரு தாள். தையற்காரர் வெட்டிப் பரப்பிய துணிபோல அதில் உடம்பும் கைகளும் பிரித்து விரிக்கப்பட்டிருக்கும். மார்புக்கு 128க்கு 128 என்று ஒரு சதுரம், முதுகுக்கு அதே அளவில் இன்னொன்று, பக்கங்களுக்கு அதில் பாதி அகலம். மார்பில் தொடங்கும் ஒரு கோடு விலா வழியாகச் சுற்றி முதுகில் வந்து சேர வேண்டுமானால், தாளில் அது எங்கே அறுபட்டு எங்கே மறுபடி தொடங்கும் என்பதை வரைகிறவன் மனசுக்குள் மடித்துப் பார்க்க வேண்டும். தளை தட்டாமல் எழுதுவதைவிட இது லேசான காரியமில்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள்.

ஆனால் பெரும்பாலோர் செய்வது இதல்ல. கடைக்குப் போய்ப் பொறுக்குகிறார்கள். முடி, தொப்பி, முகம், இறக்கை என்று பெரும்பாலானவற்றுக்கு ரோபக்ஸ் என்ற நாணயத்தில் விலை உண்டு. இந்தச் சாமான்களைச் செய்து விற்க 2019ல் வெளியார் சிலருக்கும் அனுமதி கிடைத்தது. பிறகு கடை பெருகியது. பொறுக்கி மாட்டிக்கொள்வதற்கும் அங்கே 'உன் அவதாரத்தை உருவாக்கு' என்கிறார்கள். என் சண்டை இந்த வினைச்சொல்லோடுதான்.

ஒரு கவிஞ நண்பர் மறுத்தார். "நீ மட்டும் சொற்களைச் சிருஷ்டித்தா எழுதுகிறாய்? அகராதியும் கடைதானே? தேர்வுதான் படைப்பு" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கவிதையில் ஒரு சொல் பக்கத்துச் சொல்லால் மாறுகிறது. 'கல்' என்பது 'ஈரம்' பக்கத்தில் வந்தால் ஒன்று, 'கடன்' பக்கத்தில் வந்தால் வேறு. கடையில் வாங்கிய முடி எந்தத் தலையில் ஏறினாலும் வாங்கிய முடியாகவே இருக்கிறது. பக்கத்திலுள்ள தொப்பி அதை ஒன்றும் செய்வதில்லை. ஒன்றையொன்று தொடாத பொருள்களைச் சேர்த்தால் கிடைப்பது ஜாபிதா, உருவமல்ல.

2021 மே மாதம் கூச்சி என்ற இத்தாலியக் கம்பெனி ரோப்ளாக்ஸில் ஒரு கண்காட்சி வைத்து, தன் கைப்பை ஒன்றின் பிம்பத்தை 475 ரோபக்ஸுக்கு, அதாவது ஐந்தாறு டாலருக்கு, விற்றது. சில நாளில் அது கைமாறி 3,50,000 ரோபக்ஸுக்குப் போயிற்று. ஏறக்குறைய 4,100 டாலர். நிஜத் தோலில் தைத்த நிஜப் பையின் விலையே அதைவிடக் குறைவு. இந்தப் பைக்குள் ஒன்றும் வைக்க முடியாது. தளத்துக்கு வெளியே எடுத்துப்போகவும் முடியாது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நம் ஜனரஞ்சகப் பத்திரிகைகளின் அட்டைக்கும் இதற்கும் தத்துவத்தில் பேதமில்லை. பார்க்கப்படுவதற்காக மட்டுமே இருப்பது என்ற ஜாதியில் இரண்டும் ஒன்று.

பொம்மைதானே, போகட்டும் என்றும் விட்டுவிட முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் செய்த பரிசோதனைகள் 2007ல் வெளியாயின. உயரமான உருவம் கொடுக்கப்பட்டவர்கள் பணம் பங்கிடும்போது தங்களுக்கு அதிகம் கேட்டார்கள். குட்டையான உருவம் கிடைத்தவர்கள் அநியாயமான பங்கையும் ஒப்புக்கொண்டார்கள். லட்சணமான முகம் கிடைத்தவர்கள் எதிரிலிருப்பவர் அருகில் போய் நின்றார்கள். உருவத்தை நாம் அமைக்கிறோம். பிறகு அது நம்மை அமைக்கிறது. கடைக்காரன் விற்பது தொப்பி மட்டுமல்ல என்று இதற்கு அர்த்தம்.

இதை எழுதத் தூண்டியவள் என் அக்காள் மகள். பதினொரு வயசு. என்னைப் போல, அக்காளைப் போல, நல்ல கறுப்பு. அவளுடைய அவதாரத்தைப் பார்த்தேன். தோலின் நிறத்துக்கு அங்கே விலை இல்லை. எத்தனையோ நிறங்கள், எதையும் தொட்டு எடுத்துக்கொள்ளலாம். அவள் எடுத்திருந்தது கோதுமையைவிட வெளுத்த ஒன்று. ஏன் என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்; அவளுக்கு முன்பே எங்கள் வீட்டில் அந்தப் பதில் இருந்தது. எல்லா நிறமும் இலவசமாகக் கொட்டிக்கிடக்கும் இடத்திலும் கை ஒரே பக்கம்தான் போகிறதென்றால் அதைத் தேர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை நண்பரிடம் சொன்னபோது அவரும் பேசவில்லை.

ஆனால் அவள் ஒரு சட்டையும் வரைந்திருந்தாள். அதை ஏற்ற ஒரு சிறு கட்டணம். அது என் பங்கு. மார்புப் பக்கம் வெறும் நீலம், இரண்டு பித்தான், அவ்வளவுதான். முதுகைத் திருப்பிப் பார்த்தால் கழுத்திலிருந்து இடுப்புவரை ரிப்பன் கட்டிய இரட்டைப் பின்னல். கடையில் பின்னல் இருந்தது, விலையும் இருந்தது. அதனால் முடியைச் சட்டையில் வரைந்துவிட்டாள். ரிப்பன் முடிச்சின் நிழலைக்கூட விடவில்லை.

"முன்பக்கம் ஏன் இப்படி மொட்டையாக இருக்கிறது?" என்று கேட்டேன்.

"ஓடும்போது எனக்கு என் முதுகுதானே தெரியும், மாமா" என்றாள்.

நான் யோசித்திராத விஷயம். அந்த உலகத்தில் காமிரா ஆடுகிறவனுக்குப் பின்னால் நிற்கிறது. ஆடுகிற நேரமெல்லாம் அவன் பார்ப்பது தன் முதுகை. முகம் மற்றவர்களுக்கு. கடையில் சாமான்களையெல்லாம் முன்பக்கம் காட்டித்தான் வைத்திருக்கிறார்கள், பொறுக்குகிறவனும் முன்பக்கத்தைத்தான் வாங்குகிறான். செய்கிறவளுக்குத்தான் முதுகு என்று ஒன்று இருப்பது தெரிகிறது. தேர்வுக்கும் சிருஷ்டிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இத்தனை பத்தி எழுதியும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

தோலின் நிறத்தை அவள் இன்னும் மாற்றவில்லை. மாற்றச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த வெளுத்த பொம்மையின் முதுகில் எங்கள் வீட்டுப் பின்னல் ஓடிக்கொண்டிருக்கிறது.