நிற்கும் காலமும் நிலைவாழ்வும்
ஓர் ஒலி நாடகத்தைக் குறித்து

காலம் நின்றுபோனதாகத் திருமறை கூறும் இடங்கள் மிகச் சில. கிபியோனில் யோசுவாவின் பொருட்டுச் சூரியன் தரித்து நின்றது. எசேக்கியா மன்னனுக்கு அடையாளமாக நிழல் பத்துப் பாகை பின்னிட்டது. இரண்டிலும் மிகுதியாகக் கிடைத்த நேரம் ஒரு கொடையே. ஆகவே காலம் நிற்பதென்றால் அது ஆதாயம் என்றே நமக்குத் தோன்றுகிறது. நமக்கும் சாவுக்கும் இடையே இன்னும் சற்று அவகாசம் கிடைக்குமானால் அதை வேண்டாமென்பவர் யார்? இவ்வெண்ணத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்கும் ஆங்கில ஒலி நாடகம் ஒன்றைப் பற்றி ஈண்டு எழுத விழைகிறோம்.

1963ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைகதைத் தொடர் 1989இல் நின்றது. 2005இல்தான் மீண்டும் தொடர்ந்தது. இடைப்பட்ட காலத்தில், 1999 முதல், பிக் ஃபினிஷ் நிறுவனம் அதனை ஒலி நாடகங்களாக வெளியிடலாயிற்று. அவற்றுள் ஒன்று, ராபர்ட் ஷியர்மன் எழுதி 2002 பிப்ரவரியில் வெளிவந்த 'தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்', அதாவது நள்ளிரவின் மணியோசை. டாக்டராக பால் மெகனும் அவருடைய பயணத் தோழி சார்லி பொலார்டாக இந்தியா ஃபிஷரும் குரல் கொடுத்துள்ளனர். விண்வெளிக் கதையென்றால் பிள்ளைகளுக்குரியது என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நாமும் அப்படி ஒதுக்கியவர்களே.

1906ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய இரவு. இங்கிலாந்தில் ஒரு செல்வர் வீட்டின் கீழ்த்தளத்தில், பணியாளர் புழங்கும் பகுதியில், இருவரும் வந்திறங்குகின்றனர். அங்கே காலம் செல்லவில்லை. சிறிது நேரத்தில் பாத்திரம் துலக்கும் பணிப்பெண் ஈடித், தான் நாள்தோறும் நின்று உழைத்த தொட்டியிலேயே மூழ்கி இறந்து கிடக்கிறாள். கடிகாரம் மணியடிக்க அடிக்க ஒவ்வொருவராக மடிகின்றனர். சமையற்காரி மிசஸ் பேட்லியின் சாவுக்குக் கருவியாவது அவளே பெருமையோடு செய்யும் பிளம் புட்டிங். நள்ளிரவு மணி ஒலித்து முடிந்ததும் கடிகாரம் பின்னோக்கிச் செல்கிறது. இறந்தவர் எல்லாரும் தத்தம் வேலையில் நிற்கின்றனர். அதே இரண்டு மணி நேரம் மறுபடியும் தொடங்குகிறது. அவ்வீட்டில் கிறிஸ்து பிறப்பு விழா விடிவதேயில்லை.

இக்கதைக்குச் செவியே தக்க புலன் என்பது நம் கருத்து. ஓடும் திரைப்படத்தை நிறுத்தினால் ஒரு படமாவது எஞ்சும். ஒலியை நிறுத்தினால் எஞ்சுவது ஒன்றுமில்லை. காலம் நின்றதைக் கேட்க முடியாது. ஆதலால் ஆசிரியர் நிறுத்தத்தை மீள்வரவாக ஆக்குகிறார். அதே பேச்சு, அதே புட்டிங் பெருமை, அதே மணியோசை. முதன்முறை நகைக்கிறோம், மூன்றாம் முறை அதே சொற்கள் வரும்போது வயிறு கலங்குகிறது. பிறப்பு விழாவின் மணியைக் கேட்டு அஞ்ச நேரும் என்று நாம் எண்ணியதில்லை.

பின்னரே உண்மை வெளிப்படுகிறது. கொல்பவர் எவருமல்லர், அவ்வீடேதான். அதற்கு உயிர் வந்துவிட்டது. தன்னை எட்வர்ட் குரோவ் என்று தெருப்பெயரால் அழைத்துக்கொள்கிறது. அது வாழ வேண்டும். அது வாழ்வதற்கு ஏழைகள் சிலர் மீண்டும் மீண்டும் சாக வேண்டும். நித்தியம் என்பது நீண்டுகொண்டே போகும் காலமன்று, எதுவும் கடந்துபோகாத நிகழ்காலம் என்று அகஸ்தீன் தம் 'அறிக்கைகள்' நூலின் பதினோராம் பகுதியில் விளக்குகிறார். அவ்வீட்டிற்கு இவ்விரண்டில் எதுவுமில்லை. நாளை என்பதில்லாத இரண்டு மணி நேரத்தைப் பற்றிக்கொண்டு அதை உயிர் என்கிறது. நீடித்திருப்பதற்கும் வாழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறையில் பல ஆண்டுகள் விளக்க முயன்றிருக்கிறோம். இத்துணைத் தெளிவாகச் சொன்னோமா என்பது ஐயமே.

நம்மை மிகவும் தைத்தது வேறொன்று. மேல்மாடிக்குரிய எசமானர் எவரும் நாடகத்தில் தோன்றுவதில்லை. பணியாளருக்கோ தம் வேலைக்கு அப்பால் வாழ்வில்லை. தாம் ஒன்றுமில்லை, யாருமில்லை என்று அவர்களே சொல்லப் பழகியிருக்கின்றனர். ஈடித்தின் உடலைக் கண்ட தலைமைப் பணியாளர் அது தற்கொலை என்று உடனே தீர்ப்பளித்துவிடுகிறார். கேட்போருக்கு அது நகைப்பாக இருக்கிறது. முன்பொருமுறை, ஒரு வீட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாத்திரம் துலக்கிய அம்மையாரை அடக்கம் செய்யச் சென்றோம். அவருடைய தகப்பனார் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டிக் கேட்டபோது அவ்வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். நாமும் அவ்வீட்டில் பலமுறை உணவருந்தியவர்களே, நமக்கும் தெரியவில்லை. அந்நினைவோடு கேட்டதால் நகைப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

நகைப்புக்கிடமாய் வந்த அச்சொல் இறுதியில் மெய்யாகிறது. 1930 அக்டோபர் 5ஆம் நாள், கராச்சியை நோக்கிப் புறப்பட்ட ஆர் 101 என்னும் ஆகாயக்கப்பல் பிரான்சில் வீழ்ந்து எரிந்தது. 54 பேரில் 48 பேர் மாண்டனர். இது வரலாறு. கற்பனையில் சார்லியும் அதில் பயணம் செய்தவள். அவள் இறந்தாள் என்றெண்ணி, அப்பொழுது அவள் குடும்பத்தில் சமையற்காரியாயிருந்த ஈடித் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். தன்னிடம் அன்பு காட்டியவள் சார்லி ஒருத்தியே என்பதால். ஆனால் சார்லியை டாக்டர் முன்னமே காப்பாற்றிவிட்டார். காரணமற்றுப்போன அச்சாவின் முரண்பாட்டில்தான் காலம் சிக்கி நின்றது. வீடு உயிர் பெற்றது.

சாகாதிருக்க ஈடித்தை இணங்கச் செய்வதே முடிவு. இங்கேதான் ஆசிரியரோடு நாம் வேறுபடுகிறோம். 'நீ ஒன்றுமில்லாதவள் அல்லள்' என்று அவளுக்கு எதைக்கொண்டு காட்டுகிறார்கள்? சார்லியின் அன்பைக் கொண்டு. அந்தச் சார்லிக்கோ ஈடித் தாம்சன் என்னும் பெயர் யாருடையது என்று விளங்கவே கதையின் பெரும்பகுதி செல்கிறது. எசமானர் வீட்டுப் பெண் நினைவுகூர்ந்தால்தான் பணிப்பெண்ணுக்கு மதிப்பு உண்டென்றால், அம்மதிப்பு அவளுடையதன்று. மறக்கப்பட்ட பணிப்பெண் எதைப் பற்றிக்கொள்வாள்? நினைவுகூரப்படாத ஒருவரும் இல்லை என்று சொல்ல இந்நாடகத்திற்கு இடமில்லை; சொல்லாததைச் சொன்னதாக நாம் காட்டுவதும் நேர்மையன்று. எனினும் கேள்வியை இவ்வளவு அண்மையில் கொணர்ந்ததற்கு நன்றியுடையோம்.

நாடகம் நான்கு பகுதிகளைக் கொண்டது. வாலிபர் கூட்டங்களில் பகுதி பகுதியாகக் கேட்கலாம். தன்னுயிரை மாய்த்துக்கொள்ளுதல் இதில் விளையாட்டாகவும் வினையாகவும் வருவதால், நடத்துபவர் முன்னதாகத் தனியே கேட்டிருத்தல் வேண்டும். நான்காம் பகுதி முடிந்ததும் ஜெபித்துக் கலைந்துவிடலாகாது. அன்று பேசாமலிருந்தவர் எவர் என்று கவனித்து, அவரோடு சற்று நேரம் அமர்ந்திருப்பது நலம்.